கம்பளித் திரைக்குள் மூன்றாவது கார்னெட்

நான் சொல்கிற கதைகளுக்கு உப்பும் மிளகும் என் சொந்தக் கையிருப்பிலிருந்து போடுவது வழக்கம். நான் பிடித்ததாகச் சொன்ன மீன்களின் நீளத்தைக் கூட்டினால் ஒஹையோ நதிக்குக் குறுக்கே பாலமே கட்டிவிடலாம். அதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் சொல்கிறேன். இதில் ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை. இது நடந்தது. ஆறு பேர் இருந்த அறையில், என் தலைக்கு நேர் மேலே நடந்தது.

பேய் என்றால் நள்ளிரவு, நாய் ஊளை என்று காத்திருப்பவர்கள் ஏமாந்து போவார்கள். இது நடந்தது பட்டப்பகலில். மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். 1924, ஜூலை மாதம். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். நதிக்கரைச் சாலையில் தார் உருகி, தபால்காரர் பூட்ஸை ரோட்டிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு கடிதம் கொடுத்தார்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. பெயர் வென்டெல் ஹோஃப்ஸ்டெட்டர். கார்னெட் என்ற பித்தளை ஊதுவாத்தியம் வாசிப்பேன். ட்ரம்பெட்டின் குள்ளத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் ஐந்து பேர், ஐந்து பேரும் வெள்ளைக்காரப் பையன்கள். இந்தியானாவில் ஏரிக்கரை நடனக் கொட்டகைகளில் வாசிப்போம். ஜாஸை நாங்கள் யார் முன்னாலும் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவில்லை. கறுப்பர்கள் வாசித்த இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, ஓரத்தில் விரலை அழுத்தி வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு சுரமாகத் திருடுவோம்.

அப்படித் திருடியதிலேயே எனக்கு உசத்தி ஒன்று இருந்தது. வீலர்ஸ் லேண்டிங் என்ற நதிக்கரை ஊரில், மேசை செய்கிற ஒரு தொழிற்சாலையின் பின்கொட்டகையில் பதிந்த தட்டு. கார்னெட் வாசித்தவர் பெயர் அதில் இல்லை. பாட்டின் நடுவே எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும். கார்னெட் மட்டும் தனியாகப் பாயும். பாய்ச்சலின் பாதியில்...

க்க்.

தொண்டையில் எதுவோ அடைத்தது போல ஒரு வெட்டு. ஒரு நொடி மௌனம். பிறகு மொத்தக் குழுவும் வந்து விழும்.

அந்த வெட்டுக்காக இந்தியானா முழுக்கப் பையன்கள் பைத்தியமாக அலைந்தார்கள். நான் மூன்று மாதம் பழகிப் பிடித்தேன். அதை வாசித்தால் ஆடிக்கொண்டிருக்கிற பெண்கள் அப்படியே நின்று என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருத்தி மயங்கியே விழுந்தாள். சரி, கால் தடுக்கி விழுந்தாள்.

அந்த வசந்தத்தில்தான் லூயிவில்லில் ஒரு படகில் ஒபதியா கிரீர் வாசிப்பதைக் கேட்டேன். கறுப்பர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவர் கார்னெட்டை இறக்கியபோது என் கார்னெட்டை ஆற்றில் போட்டுவிடலாமா என்று தோன்றியது. அந்த நாட்களில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் ஏற முடியாது. பதிவு அறையில் மட்டும் சில கம்பெனிகள் ஒரு கண்ணை மூடிக்கொள்ளும். தட்டுக்குத் தோல் நிறம் கிடையாதே. வீலர்ஸ் லேண்டிங் கம்பெனி எங்களைப் பதிவுக்குக் கூப்பிட்டிருந்தது. ஒபதியாவையும் வரச் சொன்னேன். இரண்டு கார்னெட் ஜோடியாகப் பாயலாம் என்று ஆசை.

"வர்றேன். ஆனா கம்பளிக்குள்ள நிக்க மாட்டேன்," என்றார்.

"எந்தக் கம்பளி?"

"உனக்குத் தெரியாதா? அங்க ஜன்னல் வழியா வேடிக்கை பாக்க முதலாளி ஆளுங்களைக் கூட்டிட்டு வருவார். உன் பக்கத்துல என்னைப் பாத்தா அவங்களுக்குக் கண்ணு வலிக்கும். அதனால மூலையில கம்பளியைத் தொங்கவிட்டு எங்காளை உள்ள நிறுத்திடுவாங்க. சத்தம் போகும். மூஞ்சி போகாது."

"நான் இருக்கேன்ல, ஓபி. கம்பளி கிடையாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

"ரெண்டு கார்னெட் ஒண்ணா பாயணும்னா உன் மூஞ்சி எனக்குத் தெரியணும், என் மூஞ்சி உனக்குத் தெரியணும். அது முடியாதுன்னா உங்க வீட்டுப் பூனையைக் கூட்டிட்டுப் போ."

கை குலுக்கினோம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? அந்தப் புகழ்பெற்ற வெட்டை அவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"அதை எங்க புடிச்ச?"

"தட்டுல. வீலர்ஸ் லேண்டிங் தட்டு."

"அது எலெயாசர் ப்ரூயிட். நாங்க ஒரே அறையில தங்கியிருந்தோம். அவன் வாசிப்பு தண்ணி ஓடற மாதிரி இருக்கும். இப்படித் தொண்டையை நெரிச்சு வாசிக்கவே மாட்டான்."

"இப்ப எங்க இருக்கார்?"

"பதிவுக்குப் போனான். அப்படியே சிகாகோ போயிட்டான்னு சொன்னாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு கடுதாசி இல்ல."

பதிவு நாள் வந்தது.

கொட்டகையின் சுவர்களுக்கு நடுவே மரத்தூள் அடைத்திருந்தார்கள். சுவரெல்லாம் பழைய கம்பளம். காற்றுப் போக ஓட்டை கிடையாது. பதிவுக்கு வைத்திருக்கும் மெழுகுத் தட்டு இறுகக் கூடாது என்று ஜூலையிலும் பின்னறையில் அடுப்பு எரிந்தது. மைக் எல்லாம் அப்போது எங்கள் பக்கம் வரவில்லை. சுவரிலிருந்து ஒரு தகரக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். வாய் குளியல் தொட்டி அளவு. அதைப் பார்த்து வாசிக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம், இயந்திரத்தோடு ஹைரம் ஸ்டௌட் இருப்பார். பதிவுகாரர். சிடுமூஞ்சி.

"பியானோ இன்னும் கிட்ட வா. டிரம்ஸ்காரா, உனக்கு மரக்கட்டை மட்டும்தான், மத்ததைத் தொட்டா கையை ஒடிப்பேன். கார்னெட்டு ரெண்டும் கடைசி மூலைக்குப் போங்க. இல்லேன்னா ஊசி துள்ளிடும்," என்று ஆளுக்கொரு இடம் காட்டினார். "சிவப்பு விளக்கு எரியறப்ப எவனும் நிக்கக் கூடாது. பாம்பு கடிச்சாலும் வாசிச்சு முடிச்சுட்டு சாகு."

நானும் ஒபதியாவும் கடைசி மூலைக்குப் போனோம். மற்ற நால்வரும் எங்களுக்கு முதுகைக் காட்டி, குழலைப் பார்த்து நின்றார்கள். மூலையில் ஒரு இரும்புக் கம்பி. அதில் கனமான பழுப்புக் கம்பளி, ஓரமாகச் சுருட்டி ஒதுக்கியிருந்தது. ஒபதியா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தலையாட்டி இல்லை என்றேன். அவர் கண் சிமிட்டினார்.

முதல் தட்டு வாசித்தோம். அடடா. தோளோடு தோள், கண்ணோடு கண். அவர் புருவம் ஏறினால் நான் ஏறுவேன். என் வாழ்க்கையில் அப்படி மூன்று நிமிடம் அதற்குப் பிறகு வரவில்லை. இதை மிகைப்படுத்தவே முடியாது.

சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க ஹைரம் அதைப் போட்டுக் காட்டினார். மெழுகை ஒரு தடவை போட்டால் தேய்ந்துவிடும், பிறகு உதவாது. அதே குழல் வழியாக எங்கள் பாட்டு வந்தது. எல்லோரும் பல்லைக் காட்டினோம். ஜோடிப் பாய்ச்சல் வந்தபோது பியானோக்காரன் வர்ஜில் திரும்பினான்.

"டேய், மூணு கார்னெட் மாதிரி கேக்குதுடா."

நான் சிரித்தேன். ஒபதியா சிரிக்கவில்லை.

சத்தம் பாதியில் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஹைரம் மெழுகைச் சுரண்டுவது கேட்டது. சர்... சர்... சர்...

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கத்தினேன்.

"ரயில் சத்தம் விழுந்துடுச்சு."

தண்டவாளம் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அன்று காலையிலிருந்து ரயில் எதுவும் போகவில்லை.

இரண்டு மணி. ஹைரம் உள்ளே வந்தார். கழுத்தெல்லாம் வியர்வை.

"முதலாளி ஆளுங்களோட வர்றார். கம்பளியைப் போடுங்க."

பக்கச் சுவர்க் கண்ணாடிக்குப் பின்னால் தொப்பிகள் தெரிந்தன. மூன்று பேர். அவர்களை எனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் வெள்ளை அங்கியும் கூம்புத் தொப்பியும் மாட்டிக்கொண்டு கடைவீதியில் ஊர்வலம் போகிற, கறுப்பர்களைக் கண்டால் அடித்து விரட்டுகிற கூட்டத்தின் பெரிய தலைகள். எங்களுக்கு அடுத்து அவர்கள் பக்திப் பாட்டுப் பதிய இருந்தார்கள். நல்லவேளை, அன்று சாதாரண உடையில் வந்திருந்தார்கள். அங்கியோடு வந்திருந்தால் எது பேய் என்று எனக்கே குழம்பியிருக்கும்.

இப்போது சிரிக்கிறேன். அப்போது கண்ணாடிப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

"ஒரே ஒரு தட்டு, ஓபி," என்றேன். "அஞ்சு நிமிஷம்."

"சத்தியம்னு சொன்ன."

"அவங்க யாருன்னு பாத்தேல்ல?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு படகுத் துறையில் வெள்ளைக்காரக் கேப்டன்களிடம் பேசுகிற குரலை எடுத்தார். என்னிடம் அதுவரை ஒரு நாளும் அந்தக் குரலில் பேசியதில்லை.

"சரிங்க, மிஸ்டர் ஹோஃப்ஸ்டெட்டர். நீங்க சொன்னாச் சரிதாங்க."

அறைந்திருக்கலாம். அது இவ்வளவு வலித்திருக்காது.

கம்பளியை நான்தான் இழுத்தேன். என் கையால். வளையங்கள் கம்பியில் கிறீச்சிட்டன. அவர் முகம் மறைந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு மணி பத்து.

வாசிக்க ஆரம்பித்தோம். கம்பளி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முடிந்திருந்தது. அடியில் ஒபதியாவின் பழுப்பு ஷூ தெரிந்தது. தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருந்தது.

அதன் பக்கத்தில் இன்னொரு ஜோடி.

கறுப்பு ஷூ. கயிறு அவிழ்ந்து கிடந்தது. நுனி என் பக்கம் திரும்பியிருந்தது.

யாரோ கழற்றிப் போட்டது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைக்க வேண்டியிருந்தது...

இடது ஷூவின் குதிகால் மெல்ல உயர்ந்தது.

இறங்கியது.

என் உதடு வாசித்துக்கொண்டே இருந்தது. கண்ணை ஷூவிலிருந்து எடுக்க முடியவில்லை. பாய்ச்சல் நெருங்கியது. எல்லோரும் நின்றார்கள். நானும் ஒபதியாவும் பாய்ந்தோம்.

க்க்.

கம்பளிக்குள்ளிருந்து.

என் வித்தையை வாசிக்கிறார் என்று நினைத்தேன். கோபம் தீர்ந்துவிட்டது, என்னைக் கிண்டல் செய்கிறார் என்று. சொல்லவே கூசுகிறது. மகிழ்ந்து போனேன்.

க்க்... க்க்...

பாட்டில் அதற்கு இடமே இல்லாத இடத்தில்.

பழுப்பு ஷூ தாளம் போடுவதை நிறுத்தியது. ஒன்றோடொன்று உரசியது.

கார்னெட்டை நாற்காலியில் போட்டேன். கம்பளியின் ஓரத்தைப் பிடித்தேன். இழுக்க வேண்டியதுதான்.

கண்ணாடியில் நான்கு முகங்கள். முதலாளி புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

சிவப்பு விளக்கு.

என் கை அசையவில்லை.

க்க்...

அசையவில்லை.

டக்.

ஒரு வளையம் தெறித்தது.

டக். டக். டக்.

கம்பளி உள்ளிருந்து கிழிந்துகொண்டு விழுந்தது. யாரோ தூக்கி எறிந்தது போல ஒபதியா வெளியே வந்து என் காலடியில் விழுந்தார். உதடு சாம்பல் நிறம். நான் மண்டியிட்டு அவர் காலர் பொத்தானைப் பிய்த்தேன். முன்னால் நால்வரும் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். யாரும் திரும்பவில்லை.

அப்போது கேட்டது.

என் தலைக்கு மேலே, மூலையிலிருந்து... கார்னெட்.

என்னுடையது நாற்காலியில். ஒபதியாவுடையது அவர் கையில்.

கடைசிச் சுற்று முழுவதும் அது வாசித்தது. தண்ணீர் ஓடுவது போல.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

விளக்கு அணைந்தது.

"வென்டெல், கடைசியில பின்னிட்டியேடா..." என்று வர்ஜில் திரும்பினான். நாற்காலியில் கிடந்த என் கார்னெட்டைப் பார்த்தான். தரையில் கிடந்த ஒபதியாவைப் பார்த்தான்.

கதவை உதைத்துக்கொண்டு முதலாளி வந்தார். மூஞ்சி தக்காளி. நேராக ஹைரமிடம் போனார்.

"ஒருத்தன்னு சொல்லிட்டு ரெண்டு கறுப்பனுங்களையா உள்ள விட்ட? விருந்தாளிங்க முன்னாடி என் மானம் போச்சு."

"ஒருத்தர்தான் முதலாளி."

"எனக்குக் கண்ணு இல்லையா? இவன் கீழ கிடக்கறான், இன்னொருத்தன் மூலையில நின்னு வாசிக்கறான். நாங்க நாலு பேரும் பாத்தோம். எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

ஹைரம் மூலையைப் பார்த்தார். அறைக்கு ஒரே கதவு. அதன் வழியாகத்தான் முதலாளி வந்தார்.

வெளியே அடிபம்பில் ஒபதியா தலையை நனைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"ஓபி, நான்..."

"உன் நாலு விரலும் தெரிஞ்சுது," என்றார். நிமிரவில்லை. "கம்பளி ஓரத்துல. உள்ள காத்தே இல்ல. நான் அந்த விரலைத்தான் பாத்துட்டு இருந்தேன். இப்ப இழுப்பான், இப்ப இழுப்பான்னு."

தண்ணீர் சொட்டியது.

"யாரு இழுத்தது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"பின்னாடியிருந்து ஒரு கை. என் இடுப்புப் பட்டையைப் புடிச்சு வெளிய தள்ளிச்சு."

"பின்னாடி சுவருதானே?"

"ஆமா. சுவருதான்."

நான் பயந்தவன்தான். ஒரு வாரம் விளக்கை அணைக்காமல் தூங்கினேன். ஆனால் அந்த இரவுகளில் மூலையில் கேட்ட கார்னெட் என் கனவில் வரவில்லை. என் விரல்கள்தான் வந்தன. நாலு விரல். கம்பளி ஓரத்தில். உள்ளிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி.

மாலை ரயிலுக்காக நிலையத்தில் காத்திருந்தபோது ஹைரம் தேடி வந்தார். ஒபதியாவின் முகத்தைப் பார்க்காமல், தண்டவாளத்தைப் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி. இதே மூலை, இதே கம்பளி. ஜன்னல்ல விருந்தாளிங்க. நடுவுல உள்ள இருந்தவருக்கு மூச்சு அடைச்சுடுச்சு. வெளக்கு எரிஞ்சுட்டிருந்துது, யாரும் நிக்கல. விருந்தாளிங்க காப்பி குடிச்சுட்டுப் போனதுக்கு அப்புறம்தான் தெறந்தோம். மூலையில சாஞ்சு நின்னுட்டே இருந்தார்."

"பேரு?" என்றார் ஒபதியா.

"ப்ரூயிட். எலெயாசர் ப்ரூயிட்."

"எங்க பொதைச்சீங்க?"

"எனக்குத் தெரியாது."

"அந்தத் தட்டு?" என்று நான் கேட்டேன்.

"வித்தோம். நல்லா போச்சு."

நான் பிளாட்பாரத்தின் ஓரத்துக்குப் போய் வாந்தி எடுத்தேன். மூன்று மாதம் விரலால் தட்டை அழுத்தி, மெதுவாக்கி, மெதுவாக்கிப் பழகியது ஒரு மனிதர் மூச்சடைத்த அந்த நொடியைத்தான். இந்தியானாவின் அத்தனை நடனக் கொட்டகைகளிலும் பையன்கள் வாசித்தது அதைத்தான், பெண்கள் கைதட்டியது அதற்குத்தான்.

எங்கள் தட்டு இலையுதிர் காலத்தில் வந்தது. அந்த இரண்டாவது பதிவைத்தான் போட்டிருந்தார்கள். மேலே என் பெயர் மட்டும் இருந்தது. ஒபதியா கிரீர், எலெயாசர் ப்ரூயிட் இரண்டு பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதினேன். முதல் பெயரைப் பற்றிப் பதிலில் ஒரு வார்த்தை இல்லை. இரண்டாமவர் 1922இல் இறந்துவிட்டதாகத் தங்களுக்குத் தகவல் இருப்பதாகவும், அவர் சென்ற ஜூலையில் எப்படி வாசித்தார் என்று விளக்குமாறும் ஒரு கடிதம் வந்தது.

தட்டை எடுத்துக்கொண்டு லூயிவில் போனேன். ஒபதியா கதவைத் திறப்பாரா என்று தெரியாது. திறந்தார்.

"மிஸ்டர் கிரீர்," என்றேன். அதற்குமுன் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவர் தட்டை வாங்கிப் போட்டார். பாய்ச்சல் வந்தது. வெட்டு வந்தது. பிறகு அந்தக் கடைசிச் சுற்று. ஒபதியா கண்ணை மூடிக்கொண்டார்.

"அவன்தான்," என்றார்.

ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தார்.

"நீ கார்னெட்காரன்தானே. எங்க மூச்சு வாங்கறான்னு கேட்டுச் சொல்லு."

கேட்டேன். ஊதுகிற எவனும் எங்காவது நிற்க வேண்டும். எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் இரண்டு சுரத்துக்கு நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விழும். அது எங்கே விழுகிறது என்று தேடினேன். மறுபடி போட்டோம். மறுபடி. அரை நிமிடத்துக்கும் மேல் ஓடுகிற சுற்று. முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம் வரை.

இடைவெளி இல்லை. ஒன்றுகூட.

ஒபதியா தட்டை உறையில் போட்டு என்னிடம் நீட்டினார். கதவு வரைக்கும் கூட வந்தார்.

"அவனுக்கு மூச்சு தேவைப்படல," என்றார். "எனக்குத் தேவைப்படுது. இனிமே உன் பக்கத்துல நின்னு வாசிக்க மாட்டேன், வென்டெல்."